முன் வரிசை டிக்கெட்டை மாத்துங்க, மேடைக்கு இழுத்துருவாங்கங்கிற பயம் பாதி போயிடும்

வேகாஸ் எக்ஸ்காலிபர் ஹோட்டல்ல நடக்குற தண்டர் ஃப்ரம் டவுன் அண்டர் ஷோவுக்கு (ஆஸ்திரேலிய ஆண்கள் ஆடுற கவர்ச்சி நடன ஷோ) போறீங்க, மேடைக்கு இழுத்துருவாங்களோன்னு கூச்சமா இருக்குன்னு கேட்டிருந்தீங்க. வரமாட்டேன்னு தலையாட்டினா ஆடுறவங்க விட்டுட்டு அடுத்த ஆளுகிட்ட போயிடுவாங்க, வலுக்கட்டாயமா யாரையும் மேடையேத்த மாட்டாங்க. நானும் கூச்ச சுபாவம்தான், ரெண்டு தடவை தப்பிச்சிருக்கேன்.

நீங்க சொல்றதுல மாட்டுற இடம் டிக்கெட்தான். தோழி பேச்சிலரெட் பார்ட்டின்னு (கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணுக்குத் தோழிங்க வைக்கிற பார்ட்டி) முன் வரிசை போட்டுட்டாங்கன்னீங்க இல்ல, மேடையை ஒட்டின சீட்டும் நடைபாதை ஓர சீட்டும்தான் அவங்க கைக்கு முதல்ல எட்டும், அதோட கல்யாணப் பொண்ணுன்னு எழுதின துணிப்பட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தா அந்த டேபிள் மேலதான் கண்ணு.

இப்பவே டிக்கெட்டைத் திறந்து சீட் மேப்ல உங்க எண் எங்கன்னு பாருங்க. ஓரம்னா ஷோவோட டிக்கெட் கவுண்டருக்கு போன் போட்டு பின்னாடி மாத்த முடியுமான்னு கேளுங்க. முடியலைன்னா வரிசைக்கு நடுவுல நீங்க, ரெண்டு ஓரத்துலயும் ஆட்டம் போடுற தோழிங்க. எனக்கு ஒர்க் அவுட் ஆச்சு!

ஆனா ஒண்ணு, ஆடுறவங்க கீழ இறங்கி டேபிள் டேபிளா வருவாங்க, அதனால பின் வரிசைன்னாலும் தோள்ல கை போடுறது, மடில உட்கார்றது எல்லாம் நடக்கலாம், பிடிக்கலைன்னா கையைக் காட்டி வேணாம்னு சொல்லிடுங்க, முகத்தை மூடிக்கிட்டு சிரிச்சா சம்மதம்னு நினைச்சுக்குவாங்க (என் அக்கா அப்படித்தான் மாட்டினா).

அப்புறம் வயசைக் காட்ட பாஸ்போர்ட் ஒரிஜினலை எடுத்துட்டுப் போங்க, அங்க 21 வயசு ஆகலைன்னா டிரிங்க்ஸ் கிடையாது.