பின்பாயிண்டர் வாங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

இங்கிலாந்தில் வார இறுதியானால் மண்ணுக்குள் உலோகம் தேடும் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயல்காட்டுக்குப் போகிறவன் நான். தோண்டிய குழிக்குள் உலோகம் சரியாக எங்கே இருக்கிறது என்று காட்டும் கைக்கருவியான பின்பாயிண்டர் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

டிடெக்டரிலேயே பின்பாயிண்ட் பட்டன் இருக்கிறதே அண்ணா, தனியாக ஒன்று எதற்கு?

அந்த பட்டன் எங்கே தோண்டுவது என்று சொல்லும். தோண்டிய பிறகு காசு குழியில் கிடக்கிறதா, வெளியே புரட்டிப் போட்ட மண்கட்டியில் ஒட்டியிருக்கிறதா என்று சொல்லாது. நானும் முதல் வருஷம் இல்லாமலே ஓட்டினேன். ஒருநாள் களிமண் கட்டியை மண்வெட்டியால் இரண்டாகப் பிளந்தேன். உள்ளே முதலாம் எட்வர்ட் காலத்து வெள்ளிப் பென்னி, ராஜா முகத்தின் குறுக்கே பளபளவென்று புதுக் கீறல். ஒன்றரை கிராம்கூடத் தேறாத மெல்லிய தகடு அது. எழுநூறு வருஷம் மண் காப்பாற்றியதை நான் ஒரே வெட்டில் கெடுத்தேன். அந்த வாரமே பின்பாயிண்டர் வாங்கிவிட்டேன்.

எவ்வளவு ஆழம் வரை பிடிக்கும்?

சின்னக் காசுக்கு நாலைந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் பார்க்கிற வேலை டிடெக்டருடையது. இது ரொம்பத் தூரம் பிடித்தால் குழி முழுக்கக் கத்தும், காசு எந்த மூலையில் என்று தெரியாது.

கேரெட் ப்ரோ-பாயிண்டர் ஏடி, மைன்லேப் ப்ரோ-ஃபைண்ட் 35, நோக்டா அக்யூபாயிண்ட். மூன்றில் எது சார்?

மூன்றுமே தண்ணீரில் முக்கலாம். மைன்லேபும் நோக்டாவும் இரும்பா இல்லையா என்று வேறு சத்தத்தில் சொல்லும், கேரெட் சொல்லாது. அந்த வசதிக்காக நான் கூடுதல் காசு கொடுக்கமாட்டேன். குழி தோண்டியாகிவிட்டது, ஆணியானாலும் எடுத்துத்தானே ஆகணும்? என் கையில் இருப்பது கேரெட். நான் பார்ப்பது ரீட்யூன் எவ்வளவு சுலபம் என்பதை. நுனியைக் கொண்டுபோகிறீர்கள், கத்துகிறது. அங்கேயே வைத்து பட்டனை ஒரு தட்டு தட்டினால் அமைதியாகிவிடும். இனி இன்னும் நெருங்கினால்தான் கத்தும். இரண்டு தட்டில் விரல்நுனி அளவு இடத்துக்கு வந்துவிடலாம். கையுறை போட்ட விரலுக்கு அந்த பட்டன் தட்டுப்படுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். குளிர்காலத்தில் அதுதான் பெரிய விஷயம்.

ஏர்போர்ட்டில் உடம்பைத் தடவிப் பார்க்கிற கருவி போதாதா?

போதாது. அகலமான பட்டை அது, குழிக்குள் நுழையாது. சேறு பட்டால் அவ்வளவுதான்.

ஆன்லைனில் கேரெட் மாதிரியே ஆரஞ்சு நிறத்தில் கால்வாசி விலைக்குக் கிடைக்கிறதே?

ஒன்று வாங்கி ஏமாந்தேன். ஈர மண்ணைத் தொட்டாலே கூவியது. பட்ஜெட் இடித்தால், நல்ல கம்பெனியின் பழைய மாடலை செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள்.

கடற்கரைக்கு?

உப்பு ஈரத்தில் சாதாரணக் கருவிகள் பொய்ச் சத்தம் போடும். பல்ஸ் இண்டக்ஷன் முறையில், அதாவது விட்டு விட்டு மின்துடிப்பு அனுப்பி, வேலை செய்வதைத் தேடுங்கள். அல்லது ஈர மணலில் நுனியை வைத்தபடியே ஆன் செய்யுங்கள், ஓரளவு அடங்கும்.

டிடெக்டர் பக்கத்தில் கொண்டுபோனால் இரண்டும் சேர்ந்து கத்துகின்றன. பழுதா அண்ணா?

பழுதில்லை. ஒன்றின் அலையை இன்னொன்று பிடிக்கிறது. டிடெக்டரின் காயிலை, அதாவது தரையைத் தேடும் அடிப்பக்கத் தட்டை, குழியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். மோதிரத்தையும் கழற்றுங்கள், அதுவும் உலோகம்தானே.

எங்கள் ஊர்த் தோட்டத்தில் தேடலாமா? செங்கல்பட்டுப் பக்கம்.

கருவி வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள் தம்பி. இந்தியாவில் 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கணும். சொந்த நிலம் என்றாலும் அப்படித்தான். பாதுகாக்கப்பட்ட கோயில், கோட்டைப் பக்கம் போகவே வேண்டாம். இங்கே இங்கிலாந்தில் நிலத்துக்காரர் அனுமதி இருந்தால் தேடலாம். ஆனால் 1996-ஆம் வருஷச் சட்டம் புதையல் என்று சொல்லும் எதையும் 14 நாளுக்குள் கரோனரிடம் (புதையலை விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்கணும்.

பின்பாயிண்டரையே தொலைத்திருக்கிறீர்களா?

இரண்டு தடவை. ஐந்து நிமிஷம் பட்டனைத் தொடாமல் விட்டால் என்னுடையது தானே கூவும், முதல் தடவை அப்படித்தான் கிடைத்தது. இரண்டாவது தடவை ஆஃப் செய்துவிட்டுத் தொலைத்தேன். உழுத வயலில் ஒன்றரை மணி நேரம் டிடெக்டரால் தேடிக் கண்டுபிடித்தேன். அன்றைக்குக் கிடைத்த ஒரே பொருள் அதுதான்.