திருச்சியிலிருந்து லண்டனுக்கு ஒரே விமானமா?

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு 72 வயது. லண்டனில் இருக்கும் தம்பி வீட்டுக்குத் தனியாகப் போகிறார். திருச்சியிலிருந்தே 'டைரக்ட் ஃபிளைட்' என்று காரைக்குடி ஏஜென்ட் ஒருவர் அட்வான்ஸ் கேட்கிறார். சிங்கப்பூருக்கு நேரே போகிறதே, லண்டனுக்குப் போகாதா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். திருச்சியிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் கிடையாது.

சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ. திருச்சிக்கு வந்துபோகும் ஏ320, போயிங் 737 ரக விமானங்களுக்கு அது சாதாரண தூரம். லண்டனோ 8,300 கி.மீ.; அவற்றால் எட்டாது. போயிங் 787 மாதிரி பெரிய விமானம் தாராளமாகப் போகும். ஆனால் அத்தனை எரிபொருளோடு மேலெழும்ப நீண்ட ஓடுபாதை வேண்டும், இருநூற்றுச் சொச்சம் சீட்டும் நிரம்ப வேண்டும். திருச்சி ஓடுபாதை சுமார் 8,100 அடி, மதுரை 7,500. 2024-இல் திருச்சிக்குப் பளபளவென்று புது முனையம் வந்தது. ஓடுபாதையை நீட்டும் பேச்சை மட்டும் இன்னும் எத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருப்பது!

ஏ321எக்ஸ்எல்ஆர் என்று ஒரு புது ரக விமானம் 2024 கடைசியில் சேவைக்கு வந்திருக்கிறது. உடல் சிறியது, ஆனால் 8,700 கி.மீ. பறக்கும் என்கிறது ஏர்பஸ். இண்டிகோவும் ஆர்டர் கொடுத்திருக்கிறது. கணக்குப்படி லண்டன் எட்டுகிறதே என்று தோன்றும். மேற்கே போகும்போது எதிர்காற்று, சுற்றிப் போகும் பாதை, இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திரும்பினால் தேவைப்படும் எரிபொருள், இதையெல்லாம் கழித்தால் மிச்சம் தேறாது. ஆகவே அதைக் காட்டி 'அடுத்த மாசம் வந்துரும்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எனக்குப் பயம் வேறு. இப்படிப் பேசுகிறவர்கள் பல நேரம் தனித்தனியாக இரண்டு டிக்கெட் போட்டு, ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போச்சு. யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். நடுவில் இறங்கி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய ஆத்தாவால் முடியுமா? பணம் கொடுக்கும் முன் முழுப் பயணத்துக்கும் ஒரே பிஎன்ஆர்தானா என்று கேளுங்கள். விமான நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். திருச்சி கவுன்டரில் பெட்டிக்கு ஒட்டும் சீட்டில் எல்எச்ஆர் என்று லண்டன் ஹீத்ரோ குறியீடு இருக்க வேண்டும். கொழும்பு மாதிரி நடுவில் மாறும் ஊர் மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

ஆத்தாவுக்கு என் யோசனை, ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் திருச்சி, கொழும்பு, லண்டன் என ஒரே டிக்கெட். முதல் பயணம் ஒரு மணி நேரம்தான். மாறவே கூடாது என்றால் சென்னைக்குப் போய் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிடிக்கலாம். எதுவானாலும் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலிக்குச் சொல்லிவிடுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் என்று ஏஜென்ட் கேட்டால் கொடுக்காதீர்கள்.