தூக்க முடியாத பாறை

கேள்வி: இப்பதான் முதல் தடவையா ‘செல்டா’ வீடியோ கேம் ஆடுறேன், 1991-ல வந்த ‘எ லிங்க் டு த பாஸ்ட்’. எங்க போனாலும் பாறை, முளைக்கட்டை, பள்ளம்னு வழிய அடைச்சு வச்சிருக்கான். ஏதாவது பொருள் கெடச்சாதான் தாண்ட முடியுது. சும்மா அலையவிட்டு நேரத்த இழுக்குறாங்கன்னு தோணுது, சரியா?

பதில்: அலைய விடுறாங்கதான், இல்லேன்னு சொல்லல. ஆனா ஒண்ணு கவனிங்க, அந்த வெளிர் நிறப் பாறைய தூக்கப் பாத்து முடியாம போனீங்கல்ல, அப்பவே அந்த இடம் உங்க மனசுல பதிஞ்சிருச்சு. பாலைவன அரண்மனையில பவர் க்ளவ்ங்கிற கையுறை கையில கெடைக்கும்போது கேம் ஒண்ணுமே சொல்ல வேணாம், “அடடா அங்க ஒரு பாறை இருந்துச்சே”ன்னு நீங்களே ஓடுவீங்க. சுத்தியல் வந்தா முளைக்கட்டை, சங்கிலிக் கொக்கி மாதிரி இருக்க ஹுக்‌ஷாட் வந்தா பள்ளம், அதே கதைதான். கருப்புப் பாறைக்கு மட்டும் இந்தக் கையுறை பத்தாது, டைட்டன்ஸ் மிட்ங்கிற இன்னொரு கையுறை வேணும், அது டார்க் வேர்ல்டுல, அதாவது கேமோட இருண்ட உலகத்துல இருக்கு, கொஞ்சம் பொறுங்க.

நெசமாவே அலைய விட்டது 1986-ல வந்த முதல் கேம்தான். மேல் உலகம் மட்டும் 128 ஸ்கிரீன், அதுல எந்தப் புதருக்கு அடியில படிக்கட்டு இருக்குன்னு ஒரு அடையாளமும் கெடையாது. நீல மெழுகுவர்த்திய ஒரு ஸ்கிரீன்ல ஒரு தடவைதான் கொளுத்த முடியும், ஒரு புதர எரிச்சுட்டு பக்கத்து ஸ்கிரீனுக்குப் போயி திரும்பி வந்து அடுத்த புதர எரிக்கணும், ஒண்ணும் இல்லேன்னா மறுபடி போயி மறுபடி வரணும். சிவப்பு மெழுகுவர்த்தி கெடச்ச அன்னிக்கு எனக்கு வந்த நிம்மதி இருக்கே!

எனக்குப் புடிக்காதது வேற வகை. ‘ட்வைலைட் பிரின்சஸ்’ல ஸ்பின்னர்னு பம்பரம் மாதிரி ஒண்ணு வரும், ஏறி நின்னா சுவத்துல இருக்க பள்ளத்தடத்த புடிச்சுக்கிட்டு பறக்கும், அவ்ளோ ஜாலியா இருக்கும், ஆனா அது கெடைக்கிற டஞ்சன (புதிரும் எதிரிகளும் நெறஞ்ச கட்டடம்) விட்டு வெளிய வந்தா அதுக்கு பெருசா வேலையே இல்ல. அது பொருளே இல்லங்க, வெறும் சாவி.

கேள்வி: ‘பிரெத் ஆஃப் த வைல்டு’ல இந்தப் பூட்டு-சாவி விளையாட்டையே தூக்கிட்டாங்களே, அதுதானே நல்லது?

பதில்: தூக்கல, முன்னாடி கொண்டு வந்து வச்சிட்டாங்க. ஆரம்பத்துல வர்ற கிரேட் பிளாட்டோங்கிற மேட்டுல நாலு ஷ்ரைன் (சின்ன புதிர்க் கோயில்) முடிச்சா பாம், இரும்ப இழுக்குற மேக்னசிஸ், பொருள அசையாம நிறுத்துற ஸ்டேசிஸ், தண்ணியில பனிக்கட்டி எழுப்புற கிரையோனிஸ் எல்லாம் வந்துருது, கடைசியா காத்துல மிதக்க பாராகிளைடர். அதுக்கப்புறம் நேரா கடைசி வில்லன் கானன்கிட்டயே போகலாம், தைரியம் இருந்தா. அந்த மேட்டுல பனி இருக்க இடத்தையே எடுத்துக்கோங்க. பழைய கேமா இருந்தா கம்பளிச் சட்டை இல்லாம உள்ளயே விட்டிருக்க மாட்டான், இங்க மிளகா போட்டு சமைச்சு சாப்டுட்டு ஏறலாம், தீப்பந்தத்த கையில புடிச்சுக்கிட்டும் ஏறலாம், சட்டையும் இருக்கு. ஒரே பூட்டுக்கு மூணு சாவி. எனக்கு இது ரொம்பப் புடிச்சது, ஆனா டஞ்சன் பெட்டிய தொறக்கும்போது உள்ள என்ன இருக்குமோன்னு ஒரு படபடப்பு வருமே, அது இதுல போச்சு. 120 ஷ்ரைன் முடிச்சாலும் கையில வர்றது ஆர்ப்னு ஒரு உருண்டைதான், நாலு சேந்தா உயிர் கூட ஒரு ஹார்ட், இல்லேன்னா தெம்பு கூட ஸ்டாமினா. அப்புறம் அந்த மழை! மல உச்சிக்கு ரெண்டடி இருக்கும்போது வழுக்கி விடுறத பத்தி கேக்காதீங்க.

கேள்வி: ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு சொல்லுங்களேன்?

பதில்: 2013-ல வந்த ‘எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ்’. ராவியோன்னு ஒருத்தன் உங்க வீட்லயே கடை போட்டு முக்காவாசி பொருள வாடகைக்கு விடுவான், எந்த டஞ்சனுக்கு முதல்ல போறதுன்னு பெரும்பாலும் நீங்களே முடிவு பண்ணலாம். செத்தா அவனோட பறவை வந்து வாடகைக்கு எடுத்த எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிரும். பின்னாடி விலைக்கே தருவான், அதனால கையில ரூப்பி (கேம்ல வர்ற காசு) சேத்து வைங்க.