மாவு புளிக்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: எனக்கு 38 வயது. ஒரு தனியார் நிறுவனத்தில் 12 வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை. சம்பளம் 24,000 ரூபாய். எங்கள் குடியிருப்பில் 14 வீடுகளுக்கு இரண்டு வருடமாக இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறேன். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்ய ஆசை. ஆனால் நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. 'கையில் இருக்கிற சோற்றைத் தட்டிவிடாதே' என்கிறார் மாமியார். தோற்றுப்போனால் நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது? இந்தப் பயத்தை எப்படிப் போக்குவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கடிதம் மூன்று பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். அதில் 'பயம்' என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. ஒரு கிலோ மாவுக்கு அடக்கம் எவ்வளவு என்பது ஓர் இடத்திலும் இல்லை. 12 வருடம் அடுத்தவர் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதியவர் நீங்கள். சொந்த மாவுக்கு மட்டும் ஏன் ஒரு நோட்டுப் போடவில்லை? கோபித்துக்கொள்ளாதீர்கள் சகோதரி. உங்கள் பயத்தில் பாதிக்கு மேல் அந்த எழுதாத நோட்டிலிருந்துதான் வருகிறது.

வாருங்கள், சேர்ந்தே போடுவோம். ஒரு கிலோ உளுந்து 130 ரூபாய், நாலு கிலோ இட்லி அரிசி 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கடைத்தெரு விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 11 கிலோ மாவு காணும். ஆக, கிலோவுக்கு 30. கவர், கரண்ட், உப்பு, வண்டிச் செலவு என்று 8 சேர்த்தால் 38. உங்கள் உழைப்புக்கு இதில் ஒரு பைசாவும் சேர்க்கவில்லை. கடைக்காரருக்கு ஒரு கிலோ பாக்கெட்டை 48க்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பாக்கெட்டுக்கு 10 ரூபாய் நிற்கிறது. சரி, பத்து பாக்கெட் போட்டு இரண்டு திரும்பி வந்தால்? விற்ற எட்டில் கிடைத்தது 80. திரும்பிய இரண்டின் அடக்கம் 76. விடியற்காலை எழுந்து அரைத்ததற்கு மிச்சம் 4 ரூபாய்.

நாலு பேரை விடுங்கள், இந்த நாலு ரூபாய்க்குப் பயப்படுங்கள். உங்கள் 14 வீடுகளில் ரிட்டர்ன் கிடையாது. சொன்ன நாளில், சொன்ன அளவு அரைத்துத் தருகிறீர்கள். கடை அப்படியில்லை. மே மாத வெயிலில், ஃப்ரிட்ஜ் இல்லாத பெட்டிக்கடையில் காலையில் போட்ட பாக்கெட் மதியத்துக்குள் தலையணை மாதிரி உப்பிவிடும். மார்கழியில் அதே மாவு விடிந்த பிறகும் பொங்காமல் குண்டானின் அடியிலேயே கிடக்கும். கிரைண்டரை விடாமல் ஓட்டினால் கல் சூடேறி மாவும் சூடாகும். அதனால்தான் மொத்தமாக அரைப்பவர்கள் ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைக்கிறார்கள். இதையெல்லாம் கைப்பட்டுத்தான் கற்க முடியும். கற்பதற்குச் செலவும் ஆகும். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது அந்தச் செலவைத் தாங்கலாம். வேலையை விட்ட பிறகு என்றால், அது பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸிலிருந்து போகும்.

ஆகவே ராஜினாமா கடிதம் இப்போது வேண்டாம். வேலையில் சேரும்போது தந்த உத்தரவை எடுத்து, தனியாகத் தொழில் செய்யத் தடை ஏதும் இருக்கிறதா என்று மட்டும் படித்துவிடுங்கள். அப்புறம், அக்கம்பக்கத்தில் மூன்று கடை. கடைக்கு ஐந்து பாக்கெட். 100 நாள். போட்டது, விற்றது, திரும்பியது, ஏன் திரும்பியது என்று தினமும் நோட்டில் ஏறட்டும். அந்த நோட்டின் முதல் பக்கத்தில், முதல் பாக்கெட்டைப் போடும் முன்பே, ஒரு தொகையை எழுதுங்கள்: இவ்வளவு போனால் போகட்டும். அது 15,000ஆ, 25,000ஆ என்று நீங்களும் கணவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அந்தத் தொகை தீர்ந்தால் நிறுத்திவிடுவீர்கள். அதற்கு மேல் ஒரு பொட்டுத் தங்கமும் அடகுக் கடைக்குப் போகாது. எங்கே போய் முடியும் என்று தெரியாத நஷ்டத்தை நினைத்தால் யாருக்கும் வயிற்றைப் பிசையத்தான் செய்யும். 25,000 போனால் வலிக்கும். ஆனால் அது எங்கே முடிகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

கடனுக்கும் அவசரப்படாதீர்கள். சிறுதொழிலுக்குக் கடன் தர 2015இல் வந்த முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானமில்லாமல் தருகிறார்கள். பி.எம்.இ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் நகர்ப்புறப் பெண்களுக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீதம், கிராமப்புறம் என்றால் 35 சதவீதம் மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கிடைக்கும். மானியம் என்றதும் கைக்கு வரும் ரொக்கம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது மூன்று வருடம் வங்கியிலேயே டெபாசிட்டாக நின்று, பிறகுதான் கடனில் கழியும். 100 நாள் நோட்டு கையில் இருந்தால், வங்கி மேலாளர் முன்னால் நீங்கள் உட்காரும் விதமே வேறாக இருக்கும். சிறுதொழில் செய்வோர் அரசிடம் செய்துகொள்ளும் உதயம் பதிவு முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவை மட்டும் கடைக்குப் போடும் முன்பே எடுத்துவிடுங்கள்.

இப்போது அந்த நாலு பேருக்கு வருகிறேன். என் அண்ணன் ஜெராக்ஸ் கடை வைத்து 14 மாதத்தில் மூடினான். வெட்கப்பட்டுக் கொஞ்ச நாள் பெரிய தெரு வழியாக வராமல் சந்து வழியாகச் சுற்றி வந்தான். ஊர் பேசியது, இல்லையென்று சொல்லவில்லை. அடுத்த ஆடிக்குள் ஊர் அதை மறந்துவிட்டது. தினவட்டிக்கு வாங்கிய பணம்தான் மூன்று தீபாவளி தாண்டியும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. எந்த வாயை அடைப்பது கஷ்டம் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மெரினாவில் தள்ளுவண்டிக் கடை போட்டு, பின்னாளில் உணவகங்கள் நடத்தும் அளவுக்கு வளர்ந்த பாட்ரீசியா நாராயணின் கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1982இல், முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி. 50 காசு. அழுதுகொண்டு வீட்டுக்குப் போனவரை அவர் அம்மா தேற்றி அனுப்பினார். மறுநாள் 600 ரூபாய்க்கு மேல் விற்றது. எல்லோரும் அந்த ஒரு காபியைத்தான் சொல்வார்கள். அதற்கு முன்பே அவர் ஊறுகாய், ஜாம், ஸ்குவாஷ் என்று வீட்டில் போட்டு விற்றுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் தள்ளினார் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நீங்களும் 14 வீட்டில் விற்றுப் பார்த்துவிட்டீர்கள். உங்கள் மாவுக்கு ருசி இல்லையென்றால் இரண்டு வருடம் வாங்கியிருக்க மாட்டார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் மாமியார் சொன்னதைத் தடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கையில் இருக்கிற சோற்றைத் தட்டாமலே தொடங்கப்போகிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். எத்தனையோ மார்கழி மாவு அரைத்த கை அது. பொங்காத மாவை என்ன செய்வது என்று என்னைக் கேட்காமல் அவரைக் கேளுங்கள்.