மணலின் வயது வேறு, ஆற்றின் வயது வேறு

கேள்வி: வறண்டுபோன ஒரு பழைய ஆற்றுத்தடத்தின் மணலை முகவர் ஒருவர் மூலம் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ‘சிர்கான் வயது 250 கோடி ஆண்டுகள்’ என்று ஒரே வரியில் அறிக்கை வந்தது. ஆறு அவ்வளவு பழையதா? அது எந்த மலையிலிருந்து வந்தது என்று இதை வைத்தே சொல்லலாமா?

பதில்: இரண்டுக்குமே இல்லை என்பதுதான் பதில். அந்த 250 கோடி, பூமிக்குள் பாறைக்குழம்பு இறுகியபோது சிர்கான் என்ற கனிமத்தின் படிகம் உருவான காலம். படிகமாகும்போது சிர்கான் யுரேனியத்தைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை ஏறக்குறைய சேர்க்கவே சேர்க்காது. யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும் (யுரேனியம் 238-இல் பாதி மாறவே 447 கோடி ஆண்டு ஆகும்), அதனால் இன்றைய விகிதத்தை அளந்தால் படிகத்தின் வயது கிடைக்கும். வீடு எப்போது கட்டியது என்று கேட்டால் செங்கல்லில் இருக்கும் களிமண்ணின் வயதைச் சொல்வது போலத்தான் உங்கள் அறிக்கை.

ஆறு அந்த மணலை எப்போது கொண்டுவந்து போட்டது என்பதற்குத் தனி முறை இருக்கிறது. மணல் துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று கணக்கிடுவார்கள், ஓஎஸ்எல் என்பார்கள். இதற்கு மாதிரியை வெளிச்சம் படாமல், ஒளி புகாத குழாயைப் படிவுக்குள் அடித்து இறக்கி எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் அள்ளிய மணல் இதற்கு உதவாது. வடமேற்கு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் உள்ள காக்கர்-ஹக்ரா என்ற பழைய ஆற்றுத்தடத்தில் இரண்டு முறைகளையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள். கனிமங்களின் வயது, அங்கே ஒரு காலத்தில் சட்லெஜ் ஆறு ஓடியதைக் காட்டியது. வெயில் கணக்கோ, சுமார் 8000 ஆண்டுகளுக்கு முன்பே சட்லெஜ் அங்கிருந்து விலகிவிட்டது, ஹரப்பா நகரங்கள் எழுந்தது அதற்குப் பிறகுதான் என்று காட்டியது. ஒரு முறையை மட்டும் நம்பியிருந்தால் பாதிக் கதைதான் கிடைத்திருக்கும்.

அப்புறம் அந்த ஒற்றை எண். இந்த முகவர்கள் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். மணலில் பல மலைகளின் துகள்கள் கலந்திருக்கும், அதனால் ஒரு வயது என்பதே கிடையாது, வயதுகளின் பரவல்தான் உண்டு. மொத்தத்தில் 5 சதவீதமாவது இருக்கும் எந்த வயதுப் பிரிவும் கண்ணில் படாமல் தப்பிவிடவில்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்லக் குறைந்தது 117 துகள்களை அளக்க வேண்டும். எத்தனை துகள்கள் அளந்தார்கள், எவற்றை ஒதுக்கினார்கள், ஒவ்வொன்றுக்கும் பிழை எவ்வளவு என்ற அட்டவணையைக் கேளுங்கள். தராவிட்டால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அட்டவணை வந்தாலும், ஒப்பிட மலைப்பக்கத்துப் பாறைகளின் வயதுகள் வேண்டும். ஒவ்வொரு கிளையாற்றின் மேல்பகுதியிலும் தனித்தனியாக மணல் எடுத்து அளக்க வேண்டும். அந்தத் தரவு பல இடங்களில் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் யாரோ ஒருவருடைய கோப்பில் பூட்டிக் கிடக்கிறது. பொதுப் பணத்தில் எடுத்த தரவு ஏன் பொதுவில் இல்லை என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஆய்வகக் கருவி தந்த எண் ஒன்று இருந்தால்தான் திட்ட அறிக்கையை ஏற்போம் என்னும் குழுக்களும் இந்த ஒற்றை வரி வியாபாரத்தை வளர்க்கின்றன.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பசால்ட் எரிமலைப் பாறையில் சிர்கான் மிகமிகக் குறைவு. எத்தியோப்பிய மேட்டுநிலம் சுமார் 3 கோடி ஆண்டு பழைய பசால்ட்டால் மூடப்பட்டது, நைல் சுமக்கும் வண்டலில் பெரும்பகுதி நீல நைல், அட்பாரா என்ற கிளையாறுகள் வழியாக அங்கிருந்தே வருகிறது. ஆனால் நைல் மணலின் சிர்கானை மட்டும் பார்த்தால் பழைய கண்டப் பாறைகளின் குரல்தான் ஓங்கி ஒலிக்கும், பசால்ட் வந்த தடமே தெரியாது. அங்கே சேற்றிலுள்ள ஸ்ட்ரோன்சியம், நியோடிமியம் என்ற தனிமங்களின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) பார்த்தால்தான் உண்மை தெரியும். ஆகவே உங்கள் மேல்பகுதியில் பசால்ட் இருந்தால், சிர்கானில் அது தெரியவில்லை என்பதற்காக ஆறு அங்கிருந்து வரவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

சரி, இப்போது செலவில்லாத வேலை. பழைய தடத்தின் கரை வெட்டுமுகத்துக்குப் போய்க் கூழாங்கற்களைப் பாருங்கள். தட்டையான கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தால், அவை சரிந்து இறங்கும் பக்கம்தான் நீர் வந்த திசை. கற்களைப் பாறை வகைவாரியாகப் பிரித்து எண்ணுங்கள், எந்த மலையில் அந்த வகை இருக்கிறது என்று நிலவியல் வரைபடத்தில் தேடுங்கள். இதை முடித்த பிறகும் இரண்டு மலைகளுக்கு நடுவே குழப்பம் இருந்தால் மட்டும் ஆய்வகத்துக்குப் போங்கள், முகவர் இல்லாமல் நேராக.