சிரிக்காம கேளு

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். போன மாதம் என் மகளுக்கு அம்மை போட்டது. என் மாமனாருக்கு 70 வயது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, 'டாக்டரிடம் போகக் கூடாது, மாத்திரை கொடுத்தால் அம்மா கோபித்துக்கொள்வாள்' என்று பிடிவாதம் பிடித்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால், 'வைரஸுக்கும் மாரியம்மனுக்கும் வித்தியாசம் தெரியாத மக்கு' என்று அவரைச் சொல்லிச் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. மூடநம்பிக்கையைக் கேலி செய்யாமல் எப்படி ஒழிப்பது? பெரியார் செய்யாத கேலியா, கூத்தில் கட்டியங்காரன் செய்யாத கேலியா? நான் செய்தது தவறா?

ர., குடியாத்தம்

அன்புள்ள ர.,

தவறுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்களைத் திட்டும் தகுதி எனக்கு உண்டா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பெரியாரை இதற்குள் இழுக்காதீர்கள். அவர் கேலி செய்தது கோயிலையும் சாதியையும் சாத்திரத்தையும். திருநீறு பூசிய சைவ மடாதிபதி குன்றக்குடி அடிகளாரை அவர் எவ்வளவு மரியாதையாக நடத்தினார் என்பது ஊரறிந்தது. கட்டியங்காரன் ராஜாவைக் கிண்டல் செய்கிறவன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவரை அல்ல. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

மருத்துவ விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. சின்னம்மை வைரஸால் வருவதுதான். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் ஆபத்தாகலாம், டாக்டரிடம் போகத்தான் வேண்டும். உங்கள் மாமனார் சொன்னது தவறு. அதை அன்றைக்கே தனியாக உட்கார்ந்து அவரிடம் சொல்லியிருக்கலாம். நீங்களோ குழந்தைக்குச் சரியாகி, தண்ணீரும் ஊற்றி, ஆபத்தெல்லாம் நீங்கிய பிறகு, நாலு பேர் கூடியிருக்கும்போது சொல்லியிருக்கிறீர்கள். அப்போது சொன்னதால் குழந்தைக்கு என்ன பயன்? அது உங்களுக்காகச் சொன்னது, தம்பி.

'மக்கு' என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு என் பெரியம்மாதான் நினைவுக்கு வந்தார். ஆரணிக்குப் பக்கத்து ஊர். அப்போது அது வட ஆற்காடு மாவட்டம். நான் வேலூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், வேதியியல். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மா என்னிடம், "கால் மரமரன்னு கீது கண்ணு. கழனியில நாகத்த மிதிச்சிட்டேன் போல, அந்த தோஷம்தான். புத்துக்குப் பால் ஊத்தினு வரேன்" என்றார். சுற்றிலும் என் வயதுப் பையன்கள். "பாம்பு உன் வீட்டு அட்ரஸ் விசாரிச்சிட்டா வந்துச்சு பெரியம்மா?" என்று கேட்டேன். பெரிய சிரிப்பு. பெரியம்மாவும் சேர்ந்து சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு அவர் காலைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை.

1986இல் ஒரு மாலை. வீட்டுக்குப் பின்னால் நெல் அவிக்கும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்தபடி, காலாலேயே விறகை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். ஏதோ கருகும் நாற்றம் வந்தது. அடுப்பிலிருந்து உதிர்ந்த கங்கு ஒன்று அவருடைய வலது காலின் சுண்டுவிரலுக்கும் தரைக்கும் நடுவில் கிடந்தது. பெரியம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் காலைப் பிடித்து இழுத்தேன். அவர் குனிந்து தன் காலைப் பார்த்த பார்வை, வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல இருந்தது.

மறுநாள் வேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கரிகிரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நூலால் காலில் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார் டாக்டர். பெரியம்மா கண்ணை மூடியபடி காத்துக்கொண்டே இருந்தார். பாதம் முழுக்கத் தொட்டாகிவிட்டது, அவருக்குத் தெரியவில்லை. "எத்தனை நாளாம்மா இப்படி?" "மூணு வருசம் இருக்கும்." "யார்கிட்டயும் சொல்லலையா?" பெரியம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "இவன்கிட்ட சொன்னேன்" என்றார்.

தொழுநோய். கூட்டு மருந்து கிருமியைக் கொன்றது. செத்துப்போன நரம்பு திரும்பவில்லை. புண் ஆறாமல் இரண்டு விரல்கள் போயின. மூன்று வருடம் முன்னால் வந்திருந்தால் இரண்டும் இருந்திருக்கும்.

இதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வந்தேன். கேலி செய்தால் நம்பிக்கை போய்விடும் என்று நினைக்கிறீர்கள். போகாது. என் பெரியம்மா அந்த மூன்று வருடமும் புற்றுக்குப் பால் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார், எனக்குத் தெரியாமல். நின்றுபோனது என்னிடம் சொல்வது மட்டும்தான். நாகதோஷம் என்று அவர் சொன்னதில் உண்மை இல்லை. கால் மரத்துப்போகிறது என்று சொன்னதில் முழு உண்மை இருந்தது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொன்னார். நான் முதலாவதைக் கேட்டுச் சிரித்து, இரண்டாவதைத் தொலைத்துவிட்டேன். ஒரு டாக்டர் கேட்டிருக்க வேண்டிய வாக்கியம் அது. என் காதில் விழுந்து வீணாகப் போனது. படித்தவன் நான். மக்கு யார், சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் விழுகிறது என்று பாமர மக்கள் மட்டும் நம்பவில்லை, படித்த மருத்துவர்களும் நம்பினார்கள். 1940களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் நோயாளிகளோடு கூடவே இருந்து, அவர்கள் கைகால்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தார். வலி தெரியாததால் படும் காயம்தான் காரணம் என்று கண்டார். ராத்திரியில் விரல் காணாமல் போகிறது என்று வந்தவர்களும் உண்டு. கேட்பவருக்குப் பேய்க்கதை போலத்தான் இருந்திருக்கும். ராத்திரி கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது, தூங்குகிறவரின் உணர்ச்சியற்ற விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் பூனை வளர்க்கச் சொன்னார்கள். அந்த நோயாளிகள் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்திருந்தால் எலி கடைசிவரை தெரிந்திருக்காது.

பெரியம்மா அதற்குப் பிறகு இருபது வருடம் இருந்தார், கரிகிரியில் கொடுத்த மெத்தென்ற ரப்பர் செருப்போடு. என் மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனால் என்னிடம் எதைச் சொன்னாலும், நெல் விலையானாலும் கனவானாலும், முதலில் "சிரிக்காம கேளு கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். கடைசிவரை அப்படித்தான்.

சரி, உங்கள் மாமனாருக்கு வருவோம். 70 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவில் பெரியம்மை 1975இல்தான் ஒழிந்தது. அப்போது அவர் இருபது வயது இளைஞர். பெரியம்மை வந்துவிட்டால் குணப்படுத்த ஒரு மாத்திரையும் கிடையாது என்ற காலத்தில் வளர்ந்தவர். வாசலில் வேப்பிலையைக் கண்டால் அந்த வீட்டுக்குள் வேற்றாள் நுழையாத தெருவில் வளர்ந்தவர். அந்தத் தெருவில் அவர் எத்தனை பாடையைப் பார்த்தாரோ, கேட்டீர்களா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போங்கள். சொந்தக்காரர்கள் முன்னால் சிரித்தீர்கள், அவர்களை வைத்துக்கொண்டே மன்னிப்புக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் போதும் என்று உங்கள் மனம் சொல்லும், விடாதீர்கள். அப்புறம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மேல்கையைப் பாருங்கள். அந்த வயதுக்காரர்கள் நிறையப் பேருக்கு அங்கே அம்மை குத்திய தழும்பு இருக்கும், காசு அகலத்துக்கு. இருந்தால், அதை எப்போது குத்தினார்கள், அன்றைக்கு வீட்டில் யார் அழுதார்கள், யார் வேண்டாம் என்றார்கள், யார் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள் என்று கேளுங்கள். அவர் பேச ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் ஆகலாம். எழுந்து வந்துவிடாதீர்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.