தவுராசி வைன் ஏன் இவ்வளவு துவர்க்கிறது?

நேப்பிள்ஸ் சுற்றுலாவின்போது வழிகாட்டி அழைத்துச் சென்ற கடையில் ஒரே ஆண்டின் தவுராசி என்னும் இத்தாலியச் சிவப்பு வைன் இரண்டு புட்டி வாங்கியதாகவும், ஒன்றைத் திறந்து குடித்தபோது நாக்கும் ஈறும் ஒட்டிக்கொள்ளும்படி துவர்த்ததாகவும், மற்றதையும் கொட்டிவிடலாமா என்றும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கொட்ட வேண்டாம். தவுராசியில் குறைந்தது 85 விழுக்காடு அல்யானிகோ என்னும் கருந்திராட்சை இருக்க வேண்டும். நேப்பிள்ஸுக்குக் கிழக்கே அவெல்லினோ மலைப்பகுதியில் விளையும் இப்பழம் மிகத் தாமதமாகப் பழுப்பதால், அறுவடை அக்டோபர் கடைசி வரை, சில ஆண்டுகளில் நவம்பர் வரைகூட நீள்கிறது. புளிப்பு குறையாமல் தங்கிவிட, தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஏராளமான துவர்ப்பு வைனில் இறங்குகிறது. அது தணியப் பல ஆண்டுகள் பிடிக்கும். சட்டமோ, மூன்றாண்டு வைத்திருந்து, அதில் ஓராண்டு மரப்பீப்பாயில் கழித்தால் விற்கலாம் என்கிறது. நல்ல விளைச்சல் ஆண்டின் தவுராசி பதமாகப் பத்தாண்டுகூட ஆகலாம் என்றிருக்க, அதைப் புட்டியில் ஒரு வரியாக அச்சிட வேண்டும் என்று வற்புறுத்தாத விதியால் யாருக்கு என்ன பயன்?

துவர்ப்பைவிட எனக்குக் கவலை தருவது அந்தக் கடைதான். வழிகாட்டிக்குத் தரகு தரும் கடைகளில், நேப்பிள்ஸ் இருக்கும் மாநிலத்தின் பெயரால் 'கம்பானியா அல்யானிகோ' என்று மட்டும் அச்சிட்ட மலிவான வைனை, திராட்சை ஒன்றுதானே என்று சொல்லித் தவுராசி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். வாய்ப்பேச்சை நம்பாமல் புட்டியின் கழுத்தைப் பாருங்கள். வைனுக்கு இத்தாலி தரும் உச்சத் தகுதியான டிஓசிஜியை 1993 முதல் பெற்றுள்ள தவுராசியில், வரிசை எண்ணுடன் கூடிய அரசு முத்திரைப் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாதது தவுராசி அன்று.

ஆனால் இந்த அளவுகோலை எல்லா அல்யானிகோவுக்கும் நீட்டக் கூடாது. தென் இத்தாலியின் பசிலிகாட்டா மாநிலத்தில், அணைந்துபோன எரிமலையான வுல்த்துரேயின் சரிவுகளில் விளையும் அல்யானிகோ தெல் வுல்த்துரே 1971 முதல் டிஓசிஜிக்கு அடுத்த படியான டிஓசி தகுதியில்தான் இருக்கிறது. 2010-இல் டிஓசிஜி கிடைத்தது அதன் சுப்பீரியோரே என்னும் மேல்வகைக்கு மட்டுமே. எனவே 'சுப்பீரியோரே' என்ற சொல் இல்லாத வுல்த்துரே புட்டியில் டிஓசி என்று மட்டும் இருந்தால் அது போலியன்று, தரம் தாழ்ந்ததும் அன்று. இதை அறியாமல் நல்ல வைனைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

உங்கள் இரண்டாம் புட்டியில் முத்திரைப் பட்டை இருந்தால், வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் படுக்கவைத்துச் சில ஆண்டுகள் விட்டுவிடுங்கள். இப்போதே திறப்பதானால், இரண்டு மணி நேரம் முன்னதாக வாயகன்ற குடுவையில் ஊற்றிவைத்து, கொழுப்புள்ள ஆட்டிறைச்சியோடு பரிமாறுங்கள். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை மட்டுப்படுத்தும். காடியின் நெடியோ ஈரமான அட்டையின் வாடையோ வந்தால் மட்டும் கொட்டிவிடலாம்.